சான்று எங்கே என்று கேட்பார்கள்



2018 அக்டோபர் 2 அன்று இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டவர்களில் ஒருவர், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனா ஸ்டிரிக்லண்ட். யார் இவர் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தேடியவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரைகூடக் கிடைக்கவில்லை. அவரோடு 1985-இல் ஆய்வுக்கட்டுரை எழுதி, அந்தப் பரிசையும் பகிர்ந்துகொண்ட ஜெரார் மூருவுக்கோ பல ஆண்டுகளாகவே பக்கம் இருந்தது.

யாருமே எழுத முனையவில்லை என்றாலாவது ஆறுதல் கொள்ளலாம். ஒருவர் எழுதித்தான் இருந்தார். சான்று போதாது என்று அந்த வரைவை 2018 மே மாதம் தள்ளிவிட்டார்கள். ஒளியியல் அறிஞர்களின் அமெரிக்கச் சங்கத்துக்கே 2013-இல் தலைவராக இருந்தவருக்கு இந்தக் கதி!

சம்பந்தப்படாத மூன்றாம் ஆள் எழுதியதே சான்று என்கிற விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் கலைக்களஞ்சியம் நம்மூர் பிளக்ஸ் பலகை ஆகிவிடும். சிக்கல் அதற்கும் முன்னால் இருக்கிறது. நாளிதழும் நூலும் கண்டுகொள்ளாத பெண்ணுக்கு இங்கேயும் இடமில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். தொகுப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதும் ஒரு காரணம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் அன்னா மாணியை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளிரும் விதத்தை ஆராய்ந்து ஆய்வேடு கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. இன்று கையில் பட்டத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களாகிய உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராமன் ஆய்வகத்தில் பெண்கள் பட்ட பாட்டை இன்று நாம் விரிவாக அறிவதில், ஆபா சூர் என்ற ஆய்வாளருக்குப் பெரும் பங்கு உண்டு. அன்னா மாணியை நேரில் கண்டு பேசி, எழுதி, அச்சிலும் ஏற்றினார். விக்கிப்பீடியா கேட்கும் சான்று என்பது அதுதான்.

உங்கள் துறையிலும் ஓய்வுபெறப்போகும் பேராசிரியை ஒருவர் இருப்பார். போய்ப் பேட்டி எடுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த ஆய்வு அவருடையது, யார் பெயரில் அது வெளியானது என்று கேளுங்கள். சொல்வதை ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, ஒரு நல்ல பத்திரிகைக்கு அனுப்புங்கள். விக்கிப்பீடியாவில் மட்டும் அதை நீங்களே ஏற்றாதீர்கள். எழுதியவர் அவருடைய மாணவர், சம்பந்தப்பட்டவர் என்று நீக்கச் சொல்லி வருவார்கள். அந்த வேலையைப் பக்கத்துத் துறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.