காற்கூறும் முக்காற்கூறும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



மழையையும் மிளகாய் விலையையும் பற்றியே பேச நேரும் கரிசல் மண்ணில், கவிதை பேசுவதற்கென்று ஒரு கூட்டம் பத்தாண்டுகள் இடைவிடாது கூடி வந்திருப்பது எளிய செய்தி அன்று. நல்லப்ப சுவாமிகளின் இசையைக் கேட்ட ஊர் இது. பாரதியும் உமறுப்புலவரும் வாழ்ந்த எட்டயபுரத்துக்கு அண்மையில் உள்ள ஊர் இது. அவ்வழியில் நடைபோடும் வட்டத்தை மனமார வாழ்த்துகின்றேன்.

வாழ்த்தோடு அமர்ந்துவிடலாம். எனினும் உங்களுள் ஒருத்தி என்னும் உரிமையால் ஒரு வினாவையும் முன்வைக்க விரும்புகின்றேன். இப்பத்தாண்டில் கவியரங்குகள் கண்டோம்; பட்டிமன்றங்கள் கண்டோம்; நூல் வெளியீடுகள் கண்டோம். தமிழின் தொன்மையை வாயாரப் புகழ்ந்தோம். ஆனால் ஏதேனும் ஒரு பழந்தமிழ் நூலை முதல் அடி தொடங்கி இறுதி அடிவரை நாம் சேர்ந்திருந்து படித்ததுண்டா? இல்லை என்பதே உண்மை. இக்குறையில் எனக்கும் பங்குண்டு என்பதால்தான் துணிந்து கூறுகின்றேன்.

இவ்வினாவுக்கு விடை தேட, சற்றே தொலைவில் உள்ள ஒரு மொழியின்பால் உங்களை அழைத்துச் செல்கின்றேன். அஃது எபிரேயம். நான் எபிரேயப் புலமை உடையவள் அல்லேன். அதன் இருபத்திரண்டு எழுத்துகளை, வலமிருந்து இடமாக, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே அறிவேன். என்னை ஈர்த்தது அம்மொழியைக் காட்டிலும், வளர்ந்தவர்கள் அதனைக் கற்கும் முறையே ஆகும்.

விளாத்திகுளத்தில் எபிரேயம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். நம் தென்பகுதிக்கும் அம்மொழிக்கும் பழைய தொடர்பு ஒன்று சொல்லப்படுகிறது. சாலமோன் மன்னனுக்கு மரக்கலங்கள் கொணர்ந்த பொருள்களுள் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் எபிரேயச் சொல், தமிழின் 'தோகை' என்னும் சொல்லோடு உறவுடையது என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டினார். இன்றும் அறிஞர் பலர் இதனை ஏற்கின்றனர். ஆயினும் நான் இன்று பேச வந்தது சொல்லுறவு பற்றியன்று. கற்கும் உறவு பற்றியே.

கொங்கணக் கடற்கரையில் 'பெனே இஸ்ரேல்' என்னும் யூதச் சமுதாயத்தார் வாழ்ந்தனர். எண்ணெய் ஆட்டுதல் அவர்கள் தொழில். சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவர். அதனால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்றழைத்தனர். தாய்மொழி மராத்தியாகிவிட்டது, எபிரேயம் மறந்துபோயிற்று. இறைவன் ஒருவனே எனும் 'ஷெமா' என்ற மன்றாட்டு ஒன்றே நாவில் எஞ்சியது. பொருள் மறந்தும் ஒலி மறவாத நிலை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து யூத ஆசிரியர்கள் அவர்களிடம் சென்றனர். பம்பாயில் இருந்த ஸ்காத்லாந்துச் சமயத் தொண்டர் ஜான் வில்சன், 1832இல் எபிரேய இலக்கணத்தை மராத்தி மொழியில் எழுதி வெளியிட்டார். அவர் நோக்கம் மதமாற்றம். அவர்களோ இலக்கணத்தைப் பெற்றுக்கொண்டனர். தம் சமயத்திலேயே நிலைத்தனர். அச்சமுதாயத்தில் 1834இல் பிறந்த ஜோசப் எசக்கியேல் ராஜ்பூர்க்கர், எபிரேய மன்றாட்டு நூல்களை மராத்தியில் பெயர்த்து, தம் மக்கள் பொருளுணர்ந்து ஓதுமாறு செய்தார். செக்காட்டும் கைகள் நூலைப் புரட்டத் தொடங்கின. மறந்த நூலை ஒரு சமுதாயம் மீண்டும் பெற்றது தன் தாய்மொழியின் வழியாகவே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கொச்சி யூதர்களிடம் வேறொரு சிறப்பு உண்டு. பிற நாட்டு யூதருள் பெண்கள் எபிரேயம் கற்பது அரிதாயிருந்த காலத்திலும், கொச்சியில் பெண்கள் எபிரேயப் பாடல்களைக் கற்று ஆடவரோடு பாடினர். அன்றியும் மலையாளத்தில் தமக்கெனப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு எனக் காத்து வந்தனர். 1912இல் பிறந்த ரூபி தானியேல் அம்மையார், தம் நினைவுகளையும் அப்பாடல்கள் சிலவற்றின் பெயர்ப்பையும் நூலாக்கி 1995இல் வெளியிட்டார். கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே எபிரேயம் அன்றாட மொழியாயிற்று. வீட்டு மலையாளம் மங்கியது. ஒரு மொழியின் மறுமலர்ச்சி மற்றொரு மொழியின் உதிர்வாகவும் அமையக்கூடும் என்பதற்கு அது சான்று. அந்நாடு தோன்றிய 1948இல் பாலஸ்தீன மக்கள் தம் ஊர்களை இழந்து அகதிகளானதையும், அத்துயரம் இன்றும் தீராதிருப்பதையும் நான் மறந்து பேசவில்லை. ஒரு மக்களின் கல்வி முறையைப் போற்றுவது, ஓர் அரசின் செயல்களை ஏற்பதாகாது.

இனி அம்முறையைக் காண்போம். யூதர் மரபில் 'தல்மூத்' என்பது பெருநூல். அதன் அச்சிட்ட பக்கத்தைக் கண்டால் நம் உரைநூல்கள் நினைவுக்கு வரும். நடுவில் மூலம், ஒரு புறம் 'ராஷி' எனப்படும் உரையாசிரியரின் உரை, மறுபுறம் அவருக்குப் பின்வந்தோர் உரை. ராஷியின் காலம் 1040 முதல் 1105 வரை. பின்வந்தோருள் அவர்தம் பேரன்மாரும் உண்டு. அப்பேரன்மார் பாட்டனாரை மறுத்தெழுதியதும் அதே பக்கத்தில் இடம்பெறும். 'என்பாரும் உளர்' என்று பரிமேலழகர் பிறர் கருத்தைச் சுட்டிச் செல்லும் நெறி அங்கே பக்க அமைப்பாகவே ஆகிவிட்டது. தோற்ற கட்சியின் கூற்றும் அழிக்கப்படுவதில்லை. அடுத்த தலைமுறை அதனையும் ஆராய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

இப்பக்கத்தைத் தனியே படிப்பது வழக்கமன்று. இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் தடுத்து வினவுவார். இவ்விணைக்குக் 'கவ்ரூத்தா' என்று பெயர். தோழமை என்பது அதன் பொருள். ஆசிரியரிடம் மிகுதியாகக் கற்கலாம், உடன் பயில்வோரிடம் அதனினும் மிகுதியாகக் கற்கலாம், மாணாக்கரிடம் எல்லாரினும் மிகுதியாகக் கற்கலாம் என்னும் கருத்து தல்மூத்தில் உள்ளது.

இதனைப் படித்தபோது நான் வியந்து நின்றேன். நன்னூலின் பொதுப்பாயிரம் இதனையே கணக்கிட்டுக் கூறுகிறதன்றோ! ஆசான் உரைத்ததை முற்றும் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறு; உடன் கற்போரோடு பயிலப் பெறுவது ஒரு காற்கூறு; பிறர்க்கு உரைக்கப் பெறுவது எஞ்சிய அரைக்கூறு. பவணந்தியார் வகுத்த இக்கணக்கை இருபதாண்டாக வகுப்பில் நடத்தி வருகிறேன். தேர்வு வினாவாகவும் கேட்டிருக்கிறேன். ஆயின் அதன்படி ஒழுகியதில்லை. வகுப்பறையில் நான் பேசுவேன்; மாணவர் எழுதுவர். அஃதாவது காற்கூற்றை மட்டும் வழங்கிவிட்டு, முழுக்கல்வி கொடுத்ததாக நினைத்திருந்தேன். நம் வட்டமும் இந்நிலையில்தான் உள்ளது. மேடையில் ஒருவர் பேசுகிறோம். எதிரே பலர் கேட்கிறோம். இப்பொழுதும் அவ்வாறே நிகழ்கிறது என்பதை உணர்கின்றேன்.

வளர்ந்தோர்க்கு இனிக் கல்வி ஏறுமா என்னும் ஐயம் எழலாம். ரபி அக்கிவா என்னும் பேரறிஞர் நாற்பது அகவை வரை எழுத்தறியாதவராய் இருந்தார் என்பது யூதர் மரபுச் செய்தி. கிணற்றடியில் நீர் சொட்டிச் சொட்டிக் கல் குழிந்திருப்பதைக் கண்டு, தம் நெஞ்சிலும் கல்வி பதியும் எனத் துணிந்து, சிறு மகனோடு ஆசிரியரிடம் சென்றார். எழுதுபலகையின் ஒரு முனையைத் தந்தை பிடிக்க, மறு முனையை மகன் பிடித்திருந்தான் என்பர். நாற்பதைக் கடந்த எனக்கு இச்செய்தி மிகவும் ஆறுதலளிப்பது.

அண்மைக் காலச் சான்றுகளும் உள. 1920இல் பிரான்ஸ் ரோசன்சுவைக் என்னும் மெய்யியலார், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் வளர்ந்தோர்க்கென ஒரு கல்வி மனையைத் தொடங்கினார். அங்கு வந்தோர் தம் மரபினின்றும் விலகிப்போன படித்த நகரத்தார். கற்பித்தோரும் எல்லாரும் சமயப் புலவர் அல்லர். எடுவர்ட் ஸ்ட்ராஸ் என்னும் வேதியியலார் அங்கே விவிலிய வகுப்பு நடத்தினார். வெளியிலிருந்து வருபவன் கேட்கும் வினாவுக்கே புதிய வெளிச்சம் உண்டு என்பது அம்மனையின் அடிப்படை. நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய 1933இல் மார்ட்டின் பூபர் அதனைப் புதுப்பித்தார். 1938 வரை அது நடந்தது. உயிருக்கே உறுதியில்லாத நாளிலும் மக்கள் மாலையில் கூடி நூல் படித்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாளுக்கு ஓர் ஏடு என்னும் திட்டத்தைப் போலந்து நாட்டு ரபி மெயிர் ஷபீரோ முன்மொழிய, அது 1923இல் தொடங்கியது. தல்மூத்தின் 2,711 ஏடுகளையும் முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். கடைக்காரரும் மருத்துவரும் ஒரே நாளில் உலகெங்கும் ஒரே ஏட்டைப் படிக்கின்றனர். 14ஆம் சுற்று 2020 சனவரியில் தொடங்கியது. அம்மாதத்தில் எருசலேமில் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தாம் படித்து முடித்த நிறைவைக் கொண்டாடினர்.

கவிஞர்கள் ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும்: 'பழநூல் சுமை, அது புதுக்குரலை அடக்கிவிடும்' என்று. தற்கால எபிரேயக் கவிஞர் எகூதா அமிக்காய் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1924இல் ஜெர்மனியில் பிறந்து 2000இல் மறைந்தவர். அன்றாடக் காதலையும் போரையும் பேச்சு வழக்கில் பாடியவர். மன்றாட்டு நூல்களின் தொடர்களை எடுத்து, அவற்றோடு மல்லுக்கு நின்று, தலைகீழாக்கிப் பயன்படுத்தினார். பழநூலை அறிந்தமையால்தான் அவரால் அதனோடு சண்டையிட முடிந்தது. அறியாத ஒன்றை மீறுவது எவ்வாறு?

நிறைவாக என் அனுபவம் ஒன்றைக் கூறி அமைகின்றேன். இச்செய்திகளைப் படித்ததன் விளைவாக, சென்ற ஆண்டு என் வீட்டில் ஞாயிறு மாலைகளில் குறள் படிக்க ஐவர் கூடினோம். இருவர் இருவராக அமர்வோம். எஞ்சிய ஒருவர் மாறி மாறிச் சேர்வார். மூன்று மாதத்தில் இருவர் நின்றுவிட்டனர். எஞ்சிய மூவருள் ஒருவர் தையல் தொழில் செய்யும் அக்கா. அறிவொளி இயக்க வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றவர். ஒருநாள் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கும் குறள் வந்தது. தோண்டத் தோண்ட நீர் ஊறும், கற்கக் கற்க அறிவு ஊறும் என்று உரை கூறினேன். அக்கா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "வைப்பாத்துல நாங்க ஊத்துத் தோண்டியிருக்கோம் டீச்சர். ஒத்தையாளாத் தோண்டுனா மண்ணு சரிஞ்சு மூடிக்கிட்டே இருக்கும். ஒருத்தி அள்ளணும், ஒருத்தி மண்ணை ஒதுக்கணும். அப்பத்தான் தண்ணி நிக்கும்."

எத்துணையோ முறை நான் நடத்திய குறள் அது. உரைகள் பலவற்றைக் கற்றிருக்கிறேன். முனைவர் பட்டமும் பெற்றிருக்கிறேன். மணலில் தோண்டுவோர்க்குத் துணை வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதில்லை. ஏனெனில் நான் மணலில் கை வைத்ததில்லை. அன்று எனக்கு உரையாசிரியர் அந்த அக்காவே. பவணந்தியார் சொன்ன மீதி முக்காற்கூறு எங்கே இருக்கிறது என்பதும் அன்றுதான் விளங்கியது.

ஆகவே வட்டத்தார்க்கு என் வேண்டுகோள் இதுவே. பதினோராம் ஆண்டில் விழாக்களைக் குறைத்துக்கொள்வோம். வாரம் ஒரு மாலை, ஒரு நூல், இருவர் இருவராக. குறுந்தொகையாக இருக்கட்டும், நாளுக்கு இரண்டு பாட்டு போதும். பட்டம் பெற்றோரும் பெறாதோரும் எதிரெதிரே அமர்வோம். விளங்காத இடத்தில் 'விளங்கவில்லை' என்று கூறும் துணிவை முதலில் நான் கற்றுக்கொள்கின்றேன். ஐவர் வந்து இருவர் நின்றுவிடலாம். அதனால் கவலையில்லை, இருவர் எஞ்சினால் இணை நிலைக்கும், நூலும் நிலைக்கும். ஒருவரே எஞ்சும் நிலை வந்துவிடக் கூடாது என்பதே என் அச்சம். பொருள் மறந்து ஒலி மட்டும் எஞ்சிய அக்கொங்கணத்து மக்களின் நிலை, புகழுரை மட்டும் எஞ்சிய நிலையில் நமக்கும் வரலாம். அவர்கள் மீண்டும் அமர்ந்து கற்றனர். நாமும் அமர்வோம்.

அடுத்த வாரம் வெள்ளி மாலை என் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்திருக்கும். துணையோடு வருக, துணையின்றி வரினும் வருக, அங்கே துணை கிடைக்கும்.