ஒழுங்கு காணும் மூளையும் கற்பிப்பார் கடனும்



“இவனுக்கு நினைவாற்றலே இல்லை, மண்டையில் ஒன்றும் ஏறாது” எனப் பள்ளிப் பிள்ளையை இகழும் சொல் இன்றும் வகுப்பறைகளில் ஒலிக்கின்றது. அவ்வொரு சொல்லால் வாழ்வே இருண்ட பிள்ளைகள் உளர். அச்சொல் மெய்தானா?

அமெரிக்க அறிஞர் வில்லியம் சேசு, எர்பர்ட்டு சைமன் இருவரும் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சதுரங்கம் எனப்படும் ஆனைக்குப்பின் பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்து, காய்களை நின்றவாறே அடுக்கச் செய்தனர். உண்மையான ஆட்டத்தின் நிலையாயின், கைதேர்ந்தவர் புதியவரினும் மிகப் பல காய்களைப் பிழையின்றி வைத்தார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தபோதோ, அவர் சிறப்பு அழிந்தது. புதியவரோடு ஒத்து நின்றார். அவர்க்கிருந்தது தனி நினைவாற்றலன்று. பல்லாண்டுப் பயிற்சியால் காய்களைக் கூட்டங் கூட்டமாக இனங்காணும் திறனே.

இத்திறனின் வித்து கற்றோர்க்கே உரியதோ எனின், அன்று. சாபிரன், அசுலின், நியூபோர்ட்டு என்பார் 1996-இல், பொருளற்ற நான்கு சொற்களை மாற்றி மாற்றி, இடைவெளியின்றி, இரண்டே மணித்துளி எட்டுத் திங்கட் குழவியர்க்குக் கேட்பித்தனர். எவ்வசையை அடுத்து எவ்வசை தவறாது வருகின்றது என்பதைக் கொண்டே குழவியர் அச்சொற்களைப் பிரித்தறிந்தனர். கற்பிப்பார் இன்றியே மூளை ஒழுங்கைக் கண்டுகொண்டது!

அங்ஙனமாயின் ஆசிரியர் எதற்கு? மூளை கிடைத்ததைக் கொண்டே ஒழுங்கு காணும். அடிக்கோட்டின்மேல் நிற்கும் முக்கோணத்தையே கண்ட பிள்ளை, தலைகீழாய் நிற்பதை முக்கோணமன்று என மறுக்கக்கூடும். அது பிள்ளையின் குறையன்று; காட்டிய சான்றுகளின் குறை.

ஒன்பதாம் வாய்பாட்டை நோக்குக. 9, 18, 27, 36 என ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதுக. பத்தின் இலக்கம் ஏறுவதையும் ஒன்றின் இலக்கம் இறங்குவதையும் பிள்ளையே காணும்வரை பொறுத்திருக்க. பின், ஏன் என வினவுக. ஒன்பதைக் கூட்டுதல், பத்தைக் கூட்டி ஒன்றைக் கழித்தலே என அது உணரும். 90-ஐ அடுத்து 99 வருங்கால் அவ்வொழுங்கு முறிவதையும் காட்டுக. எல்லையறியா ஒழுங்கு அரையறிவே.

உருப்போடுதல் வேண்டா என்பதன்று. ஒழுங்கைக் கண்டபின் உருப்போட்டது நிலைக்கும். காணாது உருப்போட்டது கலைந்த காய்களாகவே கிடக்கும்.

ஆதலின், பிள்ளையை மண்டு என்னுமுன், தாம் பரப்பிய காய்கள் ஒழுங்குற நின்றனவா, கலைந்து கிடந்தனவா என ஆசிரியர் ஒருமுறை நோக்குவாராக!