சீட்டின் விலையும் ஆட்டத்தின் சுவையும்

 

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவிற் சீட்டைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் புருவம் நெரிக்கலாம். பணம் வைத்தாடும் சீட்டைப் பற்றி நாம் பேச வரவில்லை. நம் குடியிருப்பின் மாடிப்படிகளில் மாலைதோறும் சிறுவர்கள் பரப்பி வைத்துத் தமக்குள் மாற்றிக்கொள்கின்றனரே, அந்தப் படச்சீட்டுகளைப் பற்றியே பேச வந்தோம். "இது பின்னாளில் ஆயிரக்கணக்கில் விலை போகும்" என்று கூறி உண்டியலை உடைத்த பிள்ளைகளும் உளர். அதனை நம்பிப் பணம் தந்த தந்தையரும் உளர். அத்தந்தையர் வரிசையில் நாமும் நிற்கின்றோம்.

இவ்வகை ஆட்டத்தை 1993ஆம் ஆண்டில் 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் பெயரால் அமெரிக்காவில் தொடங்கி வைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர். அதற்கு முன்பு நாமறிந்த சீட்டாட்டங்களில் அனைவர்க்கும் கட்டு ஒன்றே. இவரோ ஒவ்வொருவரும் தத்தம் கட்டைத் தாமே அமைத்துக் கொணரலாம் என்றார். சீட்டுகள் உள்ளே இருப்பது இன்னதென அறியவொண்ணாத மூடிய உறைகளில் விற்பனைக்கு வந்தன. அவற்றுட் சில அரியன, பல எளியன. இங்ஙனம் ஓர் அட்டைத் துண்டின்மீதே ஆட்டமும் வாணிகமும் ஏறி அமர்ந்தன.

அரிய சீட்டுகளைத் திரட்டியவனே வெல்வான் எனப் புதியவர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. பொதுவழக்கிற் கட்டுக்கு 60 சீட்டுகளேனும் வேண்டும். அடிப்படை நிலச்சீட்டு நீங்கலாக, ஒரே சீட்டு நான்குக்கு மேல் இருத்தலாகாது. தேர்ந்த ஆட்டக்காரர் சரியாக அறுபதோடு நிறுத்துவர். அறுபத்தொன்றாவது சீட்டு எதுவாயினும், சிறந்த சீட்டு கைக்கு வரும் வாய்ப்பை அது குறைக்கும். அவ்வறுபதில் ஏறக்குறைய 24 நிலச்சீட்டுகள் வைப்போர் பலர். நிலம் குறைந்தால் கை நிறையப் புலிகள் இருந்தும் களத்தில் இறக்க வழியில்லை. மிகுந்தால் நிலம் உண்டு, படை இல்லை. தம்முள் ஒத்துழைக்கும் எளிய சீட்டுகள், தனித்து நிற்கும் விலையுயர்ந்த சீட்டுகளை வீழ்த்துவதை நம் மாடிப்படியிலேயே கண்டோம்.

இனி விலைக்கு வருவோம். பெரும் போட்டியொன்றில் ஒரு சீட்டு வெற்றி தந்தால் அதன் விலை ஏறும்; அதனைப் போட்டியில் ஆடக்கூடாதென விலக்கினாற் சரியும்; நிறுவனம் மீண்டும் அச்சிட்டாலோ பின்னும் சரியும். 1995இல் 'குரோனிக்கிள்ஸ்' என்ற தொகுதியிற் பழஞ்சீட்டுகள் பல மறுபடி அச்சேறின. சேகரித்து வைத்திருந்தோர் கொதித்தெழுந்தனர். 1996இல் நிறுவனம் பணிந்து, இன்னின்ன சீட்டுகளை இனி அச்சிடோம் என ஒரு பட்டியலை வெளியிட்டது. அப்பட்டியலிலுள்ள 'பிளாக் லோட்டஸ்' என்னும் கருந்தாமரைச் சீட்டு, முதற்பதிப்பைச் சேர்ந்தது ஒன்று, 2021இல் 5 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அதன் அருமைக்குக் காவலாக நிற்பது அச்சிட்டவர் தந்த வாக்குறுதி என்பதைக் காண்க. நம் பிள்ளைகளின் கையிலுள்ள சீட்டுகளுக்கு அத்தகைய வாக்குறுதி எதுவுமில்லை. அச்சு இயந்திரம் எப்போது வேண்டுமாயினும் ஓடலாம். மேலும், கடைக்காரர் விற்கும் விலை வேறு, நம்மிடம் திரும்ப வாங்கும் விலை வேறு. இதனை நாம் சற்றுச் செலவு செய்தே கற்றோம்.

நாம் வாழும் இம்மைசூரோ சீட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். கஞ்சீபா என்னும் வட்டச் சீட்டுகளை 1527இல் பாபர் தம் நண்பருக்கு அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். முகலாயர் கட்டில் 8 இனம், 96 சீட்டு. தசாவதாரக் கட்டில் 10 இனம், 120 சீட்டு. ஆடுவோர் மூவர், ஆளுக்கு 40. ஒவ்வோர் இனத்திலும் அரசன், அமைச்சன், பின் ஒன்று முதல் பத்து வரை எண்கள். பாதி இனங்களில் பத்து உயர்ந்தது. மறு பாதியிலோ ஒன்று உயர்ந்தது! கட்டு பொதுவாதலின் வலிமையை எவரும் விலைக்கு வாங்க இயலாது. எந்தச் சீட்டுகள் இறங்கின, எவை எஞ்சின என நினைவிற் கொள்வோர்க்கே பிடி கிடைக்கும்.

1831இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயரிடம் இழந்த மும்மடி கிருஷ்ணராச உடையார், இவ்வாட்டத்தைப் பன்மடங்கு பெருக்கினார். 'ஸ்ரீதத்துவநிதி'யின் கௌதுகநிதிப் பகுதியில் இவை இடம்பெற்றுள்ளன. 18 இனம், 360 சீட்டு, நிலையான துருப்பு என வகுத்த அவ்வாட்டங்கள் அரண்மனை மதிலைத் தாண்டியதாகத் தெரியவில்லை. சீட்டு மட்டும் பிழைத்தது. மைசூர்க் கஞ்சீபாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இரகுபதி பட் போன்ற ஓவியர் அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தனர். வாங்குவோர் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். ஆடுவோர் அரியர்.

நம் இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது. மகன் நல்ல சீட்டொன்று கிடைத்த நாள்முதல் அதனை உறையினின்று எடுக்கவே இல்லை. கசங்கினால் விலை குறையுமாம். எதிர்வீட்டுத் தோழன் ஆட அழைத்தும் போகவில்லை. இழந்த பணத்தினும் அம்மாலைப் பொழுதே நம்மை வருத்தியது. ஆதலால் மூடிய உறைகளை வாங்குவதை நிறுத்தினோம். ஆட்டத்துக்குத் தேவையான சீட்டை மட்டும் தனியே வாங்கித் தருகின்றோம். உறையிலிருந்த சீட்டும் இப்போது ஓரம் மடங்கிக் கட்டுக்குள் கிடக்கின்றது.

இன்று மாலை நாடகம் முடிந்தபின், இம்மன்றத்தின் பின்னறையில் தசாவதாரக் கட்டு ஒன்றை விரித்து வைப்போம். மூவர் சேர்ந்தாற் போதும். பகலில் இராமன் சீட்டை வைத்திருப்பவரும், இரவிற் கண்ணன் சீட்டை வைத்திருப்பவரும் ஆட்டத்தைத் தொடங்குதல் மரபு. விளக்கேற்றிய பின்னரே நாம் அமர்வோமாதலின், கண்ணன் யார் கைக்கு வருகின்றானோ அவரே தொடங்குக.