சப்பானியக் காவற்குடில்

சப்பானில் குடியிருப்புப் பகுதிதோறும் 'கோபான்' எனும் சிறு காவற்குடில் உண்டு. 1874-இல் தோக்கியோவில் தொடங்கிய ஏற்பாடு அது. சிற்றூர்க் காவலர் பலர் மனைவி மக்களோடு காவல்மனையிலேயே குடியிருக்கின்றனர். வழி கேட்போரும் பணப்பை தொலைத்தோரும் அச்சமின்றி அங்குச் செல்கின்றனர். கண்டெடுத்தோரும் அங்கேயே ஒப்படைக்கின்றனர். காவலரைக் கண்டு மக்கள் ஒதுங்கும் நாடுகள் நாணத்தக்க நிலை!

ஆனால், தெருவில் கனிந்த அந்தக் கை மூடிய அறைக்குள் இறுகுகின்றது. குற்றஞ்சாட்டுமுன்னரே ஒருவரை 23 நாள்வரை அடைத்து உசாவலாம். வழக்கறிஞர் உடனிருக்க உரிமையில்லை. முன்னாள் குத்துச்சண்டை வீரர் அக்கமாடா இவாவோ 1966-இல் நால்வர் கொலை வழக்கில் தளைப்பட்டார். குற்ற ஒப்புதல் பிழிந்தெடுக்கப்பட்டது. மன்றில் மறுத்தும் 1968-இல் தூக்குத் தீர்ப்பு. 2014-இல்தான் சிறைநீங்கினார். குருதிக்கறை ஆடைகளைப் புலனாய்வாளரே புனைந்து வைத்தனர் எனக் கூறி, 2024-இல் மன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றபோது அவருக்கு அகவை 88.