முன்கூட்டியே சொன்ன பேராசிரியர்



படித்தவர்களும் புத்தகம் எழுதுகிறவர்களும் அரசியலுக்கு வந்தால் நாடு உருப்படும் என்ற பேச்சைக் கேட்காத டீக்கடை இருக்காது. சரி, அப்படி வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே, நிஜமாகவே வந்த ஒருவரைப் பற்றி இன்று பேசலாம். பிரேசில் நாட்டுச் சமூகவியல் பேராசிரியர் பெர்னாண்டோ ஹென்ரிக் கார்டோசோ. 1995 முதல் 2002 முடிய எட்டு ஆண்டுகள் அந்நாட்டின் அதிபராக இருந்தவர்.

கார்டோசோ 1931இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தார். ராணுவக் குடும்பம். தந்தை ஜெனரல், தாத்தா மார்ஷல். பிள்ளையோ சாவ் பாவுலோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கப் போனார். பிரேசிலின் தென்பகுதியில் அடிமை முறை எப்படி இயங்கியது என்று ஆராய்ந்து 1962இல் நூலாக வெளியிட்டார். எங்கள் நாட்டில் நிறவேற்றுமை கிடையாது என்று மேல்தட்டு பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெருமை பொய் என்று காட்டிய ஆய்வாளர்களில் அவரும் ஒருவர்.

1964இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கைது செய்யத் தேடினார்கள். கார்டோசோ சிலி நாட்டுக்குத் தப்பிப் போனார். சாண்டியாகோ நகரில், ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையத்தில் வேலை. அங்கே என்ஸோ ஃபலேத்தோ என்பவரோடு சேர்ந்து எழுதிய நூல்தான் அவரை உலகறியச் செய்தது. பணக்கார நாடுகளை அண்டி நிற்கும் ஏழை நாடு முன்னேறவே முடியாது என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். இவர்கள் அதை ஒப்பவில்லை. சார்ந்திருக்கும் நிலையிலும் வளர்ச்சி வரலாம். அது எப்படி வரும், யாருக்குப் போய்ச் சேரும் என்பதை அந்தந்த நாட்டுக்குள் இருக்கும் வர்க்கங்களின் கூட்டும் மோதலும் தீர்மானிக்கும் என்றார்கள்.

1968இல் நாடு திரும்பிப் பேராசிரியர் பதவியைப் பெற்றார். அடுத்த ஆண்டே ராணுவ அரசு அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வேலை இழந்த மற்ற பேராசிரியர்களோடு சேர்ந்து சாவ் பாவுலோவில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1976இல் அந்த மையத்தில் குண்டு வைத்தார்கள். வகுப்பறைக்குள் அரசு விடவில்லை, ஆய்வறையிலும் நிம்மதி இல்லை. அவர் தேர்தலில் இறங்கினார்.

1978இல் செனட் தேர்தல். தொழிற்சாலை வாசல்களில் நின்று அவருக்காக ஓட்டுக் கேட்டவர்களில் உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒருவரும் உண்டு. லூலா என்று பெயர். தேர்தலில் பேராசிரியர் இரண்டாவதாக வந்தார். வென்றவருக்கு மாற்று உறுப்பினர் என்ற இடம் கிடைத்தது. வென்றவர் மாநில ஆளுநராகிவிட, 1983இல் அந்த வழியாக செனட்டுக்குள் நுழைந்தார்.

1985இல் சாவ் பாவுலோ மேயர் தேர்தல். தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு பத்திரிகையாளர், உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்வி வேண்டாம் என்று பேசியிருந்தோமே என்று பேராசிரியர் தடுமாறினார். போதாததற்கு, வாக்குப்பதிவுக்கு முன்பே மேயர் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். எதிர்த்து நின்ற ஜானியோ குவாட்ரோஸ் பழம் தின்று கொட்டை போட்ட அரசியல்வாதி. பதவியேற்றதும் முதல் வேலையாகக் கேமராக்களுக்கு முன்னால் அந்த நாற்காலிக்கு மருந்து அடித்தார்! ஊரே சிரித்தது. நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லாதவரைப் பொதுமக்கள் நம்ப மாட்டார்கள் என்பது கார்டோசோவுக்கு அங்கே கிடைத்த பாடம்.

இனி 1993க்கு வருவோம். அதிபர் இதாமார் பிராங்கோவின் ஆட்சியில் கார்டோசோ வெளியுறவு அமைச்சர். மே மாதம் அவரை நிதியமைச்சராக மாற்றினார்கள். பதவியேற்று ஓராண்டுகூட ஆகாத அந்த ஆட்சியில் அவர் நான்காவது நிதியமைச்சர். அந்த ஆண்டு பிரேசிலின் பணவீக்கம் ஏறத்தாழ 2,500 சதவீதம். கடைகளில் ஊழியர்கள் புதிய விலைச் சீட்டை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். சம்பளம் வாங்கிய அன்றே மாதத்துக்கான அரிசி பருப்பை வாங்கிப் போட்டுவிட வேண்டும்; அடுத்த வாரம் அதே பணத்துக்குக் குறைவாகத்தான் வரும் நிலை. வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு அன்றாடம் வட்டி ஏறும் கணக்குகள் இருந்தன. கையில் நோட்டு மட்டும் வைத்திருந்த ஏழையின் பணம்தான் கரைந்தது. பணவீக்கம் ஏழைகள்மேல் விழுந்த வரி.

இதைத் தடுக்க 1986இலிருந்து ஐந்து திட்டங்கள் வந்து தோற்றிருந்தன. எல்லாமே திடீரென்று வந்தவை. விடிந்து பார்த்தால் விலைகளை உறைய வைத்திருப்பார்கள். 1990இல் அதிபர் கொலோர் மக்களின் சேமிப்புக் கணக்குகளையே முடக்கிவிட்டார். அதனால், அரசு ஏதோ செய்யப்போகிறது என்று காதில் விழுந்தாலே வியாபாரிகள் விலையை ஏற்றினார்கள்.

கார்டோசோ பொருளாதார நிபுணர் அல்ல. பெர்சியோ அரிடா, ஆந்த்ரே லாரா ரெசெண்டே, எத்மார் பாஷா போன்ற பொருளாதாரப் பேராசிரியர்களைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டார். யோசனை அவர்களுடையது. அதை நாடாளுமன்றத்துக்கும் நாட்டுக்கும் புரியவைப்பது இவர் வேலை. இந்தத் தடவை திடீர் அறிவிப்பு கிடையாது, விலை உறைவு கிடையாது, ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வோம் என்றார்.

1994 மார்ச் 1ஆம் தேதி, கணக்குக்கு மட்டுமே பயன்படும் ஓர் அலகைக் கொண்டுவந்தார்கள். அதற்கு நோட்டு கிடையாது, நாணயம் கிடையாது. அதன் மதிப்பு ஏறக்குறைய ஒரு டாலர். பழைய பணத்தில் அதன் விலையை மத்திய வங்கி தினமும் அறிவிக்கும். ஒரு சட்டையின் விலை 10 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 1 அன்று அது 6,475 பழைய பணம். ஜூன் முடிவில் 27,500. ஆனால் சட்டை அதே 10 அலகுதான். கூலி, வாடகை, ஒப்பந்தம் எல்லாம் மெல்ல மெல்ல அந்த அலகுக்கு மாறின. விலை ஏறவில்லை, பணம்தான் இளைக்கிறது என்பதை மக்கள் நான்கு மாதம் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். ஜூலை 1 அன்று அந்த அலகே ரியால் என்ற புதிய நாணயமானது. 2,750 பழைய பணத்துக்கு ஒரு ரியால். ஜூனில் ஒரே மாதத்தில் 47 சதவீதம் இருந்த பணவீக்கம், 1996இல் ஆண்டு முழுவதற்கும் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

தேர்தலில் நிற்பதற்காக மார்ச் கடைசியிலேயே கார்டோசோ அமைச்சர் பதவியை விட்டிருந்தார். கருத்துக் கணிப்புகளில் அதுவரை முந்தியிருந்தவர் லூலா. 1978இல் இவருக்கு ஓட்டுக் கேட்ட அதே லூலா. புதிய நாணயம் நிலவரத்தை மாற்றியது. அக்டோபரில் முதல் சுற்றிலேயே 54 சதவீத வாக்குடன் கார்டோசோ வென்றார். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பின் நிதியமைச்சரான ரூபென்ஸ் ரிக்குபெரோ, தொலைக்காட்சிப் பேட்டி தொடங்குமுன் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். நல்லதைக் காட்டுவோம், கெட்டதை மறைப்போம் என்ற பொருளில் அவர் சொன்னது, டிஷ் ஆண்டெனா வைத்திருந்த வீடுகளில் எல்லாம் ஒலித்துவிட்டது. பதவி போயிற்று. வெளிப்படைத்தன்மையால் பேர் வாங்கிய திட்டத்துக்கு இப்படியும் ஓர் அமைச்சர்!

அதிபர் கார்டோசோவையும் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அவர் காலத்தில் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ எல்லோரும் பள்ளிக்குள் வந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் திட்டம் 2001இல் நாடு முழுவதும் வந்தது. பின்னாளில் லூலாவின் புகழ்பெற்ற குடும்ப நிதித் திட்டத்தில் அது சேர்ந்தது. மறுபக்கம், வாலே சுரங்க நிறுவனம், தொலைபேசித் துறை போன்ற அரசுச் சொத்துகள் தனியார் கைக்குப் போயின. நான் எழுதியதை மறந்துவிடுங்கள் என்று அவரே சொன்னதாக ஒரு பேச்சு பரவியது. அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார்.

அதிபர் மறுபடியும் போட்டியிட வழிசெய்யும் அரசியல் சட்டத் திருத்தம் 1997இல் நிறைவேறியது. அதற்காக எம்.பி.க்கள் சிலரின் வாக்கு விலைக்கு வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. நாடாளுமன்ற விசாரணை நடக்கவில்லை. 1998 தேர்தல் வரை ரியாலின் மதிப்பை உயர்த்தியே பிடித்திருந்தார்கள். இரண்டாம் முறை பதவியேற்ற இரண்டே வாரத்தில், 1999 ஜனவரியில், பிடி நழுவியது, நாணயம் சரிந்தது. வரப்போவதை முன்கூட்டியே சொல்லி ஜெயித்தவர், இதை வாக்காளர்களிடம் சொல்லவில்லை. அந்த நம்பிக்கைச் சேதத்திலிருந்து அவர் ஆட்சி மீளவே இல்லை.

2001இல் மழை பொய்த்து அணைகள் வற்றின. மின் உற்பத்தியில் தேவையான முதலீடு செய்யாமல் விட்டதும் சேர்ந்துகொள்ள, பற்றாக்குறை வந்தது. மாதம் 100 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகள் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு சொன்னது. மக்கள் திட்டிக்கொண்டே குறைத்தார்கள். காரணத்தையும் கணக்கையும் தெளிவாகச் சொன்னால் கஷ்டத்தைக்கூட ஏற்பார்கள் என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

2003 ஜனவரி 1 அன்று, தன்னிடம் இரண்டு முறை தோற்ற லூலாவிடம் பதவியை ஒப்படைத்தார் கார்டோசோ.

பட்டமும் புத்தகமும் ஒருவரை நல்ல ஆட்சியாளர் ஆக்கிவிடுவதில்லை. தான் அறிந்ததை மக்களுக்குப் புரியும்படி, அதுவும் நடப்பதற்கு முன்பே, எடுத்துச் சொன்ன இடங்களில் கார்டோசோ வென்றார். சொல்லாமல் மறைத்த இடங்களில் தோற்றார். அடுத்த முறை ஓர் அறிஞர் உங்கள் வாசலில் ஓட்டுக் கேட்டு வந்து நின்றால், எத்தனை நூல் எழுதினீர்கள் என்று கேட்காதீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள், அதற்கு நாங்கள் கொடுக்க வேண்டிய விலை என்ன, அதை இப்போதே சொல்வீர்களா என்று கேளுங்கள்.