அடையாற்றின் கரையும் பல்கலைக்கழகத்தின் கடனும்

 

வெள்ளி விழாக் காணும் இவ்வவையில், சுற்றுச்சூழலைக் காப்பதில் பல்கலைக்கழகங்களின் பங்கு பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். பெரிய பொருள்தான். ஆயினும் நந்தனத்தில் இருப்போர் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. அருகிலேயே அடையாறு ஓடுகிறது. அதன் அக்கரையில் அண்ணா பல்கலைக்கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன.

ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் அந்த ஆறு, நகருக்குள் நுழைந்ததும் கழிவுநீரைச் சுமக்கிறது. அக்கழிவு எல்லாச் சாதியாரின் இல்லங்களிலிருந்தும் வருகிறது. ஆனால் அடைபட்ட சாக்கடைக்குள் இறங்கியவர் யார்? நச்சுக்காற்றில் மாண்டவர் யார்? விடை கூற ஆராய்ச்சி தேவையில்லை. 1993-லும் 2013-லும் தடைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் என 2014-ல் உச்சநீதிமன்றம் விதித்தது. 2023-ல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த நேர்ந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

இவ்விடத்தில்தான் பல்கலைக்கழகத்தின் வேலை தொடங்குகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரவியல் துறையினர், மலத்தொட்டியைத் துப்புரவு செய்ய 'ஹோமோசெப்' என்னும் கருவியை உருவாக்கினர். சிறிய வாயின் வழியே உள்ளே சென்றபின், தலைகீழான குடைபோல் அதன் கத்திகள் விரிகின்றன. அடியில் இறுகிய கசடு கலக்கப்பட்டு உறிஞ்சி எடுக்கப்படுகிறது. மனிதன் உள்ளே இறங்க வேண்டுவதில்லை. சஃபாய் கர்மசாரி அந்தோலன் இயக்கத்தின் துணையோடு, இத்தொழிலில் கணவரை இழந்த மகளிரின் சுய உதவிக் குழுக்களுக்கு 2022-ல் முதற் கருவிகள் வழங்கப்பட்டன. ஆய்வகத்தில் பிறந்த பொருள் அவர்களின் உடைமையாகிப் பிழைப்பாவது சிறிய செய்தியன்று. எனினும், மாநகரின் தேவைக்கு முன் இது ஒரு துளியே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், நந்தனம் பகுதிகளுள் புகுந்தது. அதன்பின் கரையோரக் குடிசைவாசிகள் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்கு அகற்றப்பட்டன. பிள்ளைகளின் பள்ளியும் பெண்களின் வேலையும் இங்கேயே நின்றுவிட்டன. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த ஊர். அச்சதுப்பு 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றைக் காக்கவென்று எளியோரைப் பெயர்த்துச் சதுப்பின் ஓரத்தில் குடியமர்த்துவது எவ்வகைச் சூழலறிவு? கரையோரத்துப் பெரிய கட்டடங்களைப் பற்றி ஏன் அத்தனை பேச்சில்லை? இவ்வினாக்களை அளவுகோலும் வரைபடமும் கொண்டு எழுப்பவல்லவை பல்கலைக்கழகங்களே.

1990-ல் பிரான்சு நாட்டின் தல்வார் நகரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடிச் சுற்றுச்சூழல் உறுதிமொழி ஒன்றை வெளியிட்டனர். நம் நாட்டிலோ, எம்.சி.மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1991-ல் இட்ட ஆணையின் வழியே இளங்கலை மாணவர்க்கெல்லாம் சுற்றுச்சூழல் பாடம் வந்தது. நல்லதே. ஆனால் அது தேர்வுக்கு முதல்நாள் மனப்பாடம் செய்யும் பாடமாகச் சுருங்கிவிட்டது என்பது நம் கருத்து.

நீர்நிலை யாருக்கு உரியது என்ற வினாவை 1927-ல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் எழுப்பினார். அன்று கேட்டது நீரைத் தொடும் உரிமை. இன்று அந்நீரைக் கெடுத்தவர் யார் என்று கேட்கும் உரிமையும் நமக்கு வேண்டும்.

சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா பெயரால் மாணவர் விடுதி இருக்கிறது. அங்கும் நம் இல்லங்களிலும் தங்கிப் பயிலும் மாணவர்க்கு நாம் முன்வைப்பது இது: இறுதியாண்டு ஆய்வுக்கு மறைமலை அடிகள் பாலம் முதல் கோட்டூர்புரம் வரையுள்ள ஆற்றுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கழிவுநீர் வாய்கள் திறக்கின்றன, எந்தத் தெருவிலிருந்தும் எந்த நிறுவனத்திலிருந்தும் வருகின்றன என்று எண்ணி எழுதுங்கள். கரையில் வாழ்ந்தவர்களைப் பெரும்பாக்கத்திற்கே சென்று கேளுங்கள். ஆய்வேட்டைப் பேராசிரியரிடம் கொடுங்கள். தமிழில் ஒரு படியை இக்கழகத்தின் நூலகத்திலும் வையுங்கள்.