ஊர்ப்பெயரும் கணிப்பொறியும்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், ஆவடியைக் கடந்த சிறிது நேரத்தில் ‘திருநின்றவூர்’ என்ற பெயர்ப்பலகை கண்ணிற் படும். திருமகள் வந்து நின்றமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். மனத்துக்குள்ளேயே சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பிய பூசலார் நாயனார் வாழ்ந்த ஊரும் அதுவே. இப்பெயரில் எத்தனை எழுத்து? தி, ரு, நி, ன், ற, வூ, ர் என்று விரல் மடக்கித் தொடக்கப்பள்ளிச் சிறுவனும் 7 என்பான். ஆனால் சி மொழியில் நிரல் எழுதி, ‘ஸ்டர்லென்’ என்னும் செயற்கூற்றினிடம் நீளம் கேட்டால், அது 39 என்கிறது!

பொறி பொய் சொல்லவில்லை. அது எண்ணியது எழுத்தை அன்று, பைட்டுகளை. 1972-ஆம் ஆண்டளவில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை ஆக்கியபோது, ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதே வழக்கு. தமிழுக்கு யூனிகோடு முறையில் 2944 முதலாகக் குறியெண்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு பைட்டில் 255-க்கு மேற்பட்ட எண் அடங்காதன்றோ? ஆகவே 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறை, தமிழின் ஒவ்வொரு குறியையும் 3 பைட்டாகப் பிரித்து வைக்கிறது. இவ்வாறு வைக்கப்படுவதையே பல்பைட் எழுத்து என்கிறோம்.

‘த’ என்பதை எடுத்துக்கொள்வோம். அது 224, 174, 164 என மூன்று பைட்டாகக் கிடக்கும். முதற்பைட்டு ‘என்னோடு மூவர்’ என்று அறிவிக்கிறது. பின்னிரண்டிலும் 128-ஐக் கழித்தால் 46-ம் 36-ம் எஞ்சும். 46-ஐ 64-ஆற் பெருக்கி 36-ஐக் கூட்டுங்கள், 2980 வரும். அதுவே ‘த’வின் குறியெண். இந்த முழு எண்ணை ஒரே பெட்டியில் இட்டு வைத்தால் அஃது அகல எழுத்து. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குச் சி மொழியில் ‘எம்.பி.எஸ். டூ டபிள்யூ.சி.எஸ்.’ என்னும் செயற்கூறு உண்டு. 1989-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே அது இடம்பெற்றது.

இதனைப் பயன்படுத்தப் புகுவோர் முதலில் இடறும் இடம் ஒன்றுண்டு. நிரலின் தொடக்கத்தில் ‘செட்லொகேல்’ என்பதை அழைத்து, பயனர் சூழலின் எழுத்துமுறையைக் கொள்க என்று சொல்ல வேண்டும். சொல்லாவிடின் நிரல் ‘சி’ என்னும் வெறுஞ்சூழலிலேயே நின்றுவிடும். தமிழ் அதற்குத் தெரியாது. மாற்ற இயலாதபோது செயற்கூறு கழித்தல் 1-ஐத் திருப்பித் தரும். அவ்விடையோ எதிர்மறையே அறியாத எண்வகையைச் சேர்ந்தது. ஆதலால் 64 பிட் பொறியில் 18446744073709551615 என்று காட்சியளிக்கும். ‘சுழியினுங் குறைந்ததா?’ என்று சோதிப்பவர் பிழையைக் காணவே மாட்டார். கோப்பிலிருந்து துண்டு துண்டாகப் படிக்கும்போது ஒரு குறியின் மூன்று பைட்டும் ஒருங்கே வந்து சேராமையும் உண்டு. அதற்கென 1995-இல் ‘எம்.பி.ஆர். டூ டபிள்யூ.சி.’ வந்தது, அது பாதியில் நின்ற நிலையை நினைவிற் கொண்டு, மிச்சத்துக்குக் காத்திருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பீர்கள். பெயருக்கென்று 10 பைட் இடம் ஒதுக்கிய படிவ நிரல் ஒன்றைக் கருதுங்கள். இறுதிப் பைட் முற்றுக்குறிக்கு. எஞ்சிய 9-இல் மூன்று குறிகளே அடங்கும். ‘திருநின்றவூர்’ அங்கே ‘திர’ என்று நிற்கும்! 11 பைட் ஒதுக்கியிருந்தால் அரைகுறைப் பைட் ஒன்று ஒட்டிக்கொண்டு, திரையில் கேள்விக்குறி தோன்றி, பிழையையாவது காட்டிக்கொடுத்திருக்கும். 10-இல் அதுவும் இல்லை. ஊர்ப்பெயரில் திருவே போய்விட்டது. எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை. மாணவர் ஒருவரின் பெயர் மதிப்பெண் பட்டியலில் இவ்வாறு குறைபட்டால், அதைத் திருத்த அவர் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கும்!

அகல எழுத்தாக மாற்றினால் குறை முற்றும் தீருமா? மாற்றி எண்ணினால் லினக்ஸ் பொறி 13 என்கிறது, 7 என்னவில்லை. ‘தி’ என்பது ‘த’ ஒரு குறி, இகர அடையாளம் மற்றொரு குறி. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாதலை நம் இலக்கணம் சொல்லும். யூனிகோடோ அகரமேறிய மெய்யையும் அதன்மேல் ஏறும் அடையாளத்தையும் தனித்தனியே வைக்கிறது. இம்முறை பிடிக்காதவர்கள் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் ‘டேஸ் 16’ என்னும் முறையை வகுத்தனர். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு அதனையும் ஏற்றது. உலகப் பொறிகளெல்லாம் யூனிகோடையே பேசுகின்றமையால், அதனோடு பழகுவதே நமக்கு வசதி என்பது என் கருத்து.

ஆயினும் அகல எழுத்தாக்கியதன் பயன் இங்கேதான் புலப்படும். பைட்டுகளின் குவியலில் எது கொம்பு, எது கால், எது புள்ளி என்று கேட்பது கடினம். அகல எழுத்தில் கேள்வி எளிது: எண் 3006 முதல் 3021 வரை இருந்தால் அது முன்னெழுத்தைச் சார்ந்த அடையாளம். அவற்றை விட்டுவிட்டு எண்ணுமாறு நான்கு வரி எழுதிப் பாருங்கள். 13-இல் 6 கழிந்து 7 வரும். பெயரை வெட்ட நேர்ந்தாலும், அடையாளத்துக்கு முன் வெட்டாமல் ஒதுங்கலாம். ‘ஸ்ரீ’யை இந்நிரல் 2 என்றே எண்ணும், அதற்குத் தனியே ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.